இரண்டு சைலன்சர் வைத்தால் வண்டிக்குப் பலம் கூடுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். உங்களிடம் 349 சிசி, ஒற்றை சிலிண்டர் வண்டி இருக்கிறது. இடப்பக்கமும் ஒரு சைலன்சர் மாட்டினால் பார்க்க ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 போலவே இருக்கும், பிக்கப்பும் மைலேஜும் கூடும் என்று பட்டறைக்காரர் ஒருவர் 18,000 ரூபாய் கேட்கிறார். உங்கள் மைத்துனரின் காரில் பின்னால் இரண்டு வாய் இருப்பதால்தான் அது அப்படிப் பறக்கிறது என்று வீட்டில் வேறு ஒரு வாதம் ஓடுகிறது. "ஒன்றா, இரண்டா, எது நல்லது?" என்று முடித்திருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: புகை போக வழி அதிகமானால் எஞ்சின் சுலபமாக மூச்சு விடாதா? நியாயமான சந்தேகம்தான். ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்துக் கோயம்புத்தூரில் பட்டறைக்குள் நுழைந்தபோது எனக்கும் அது இருந்தது. இருபத்தைந்து ஆண்டுகளாக வண்டிகளின் அடிவயிற்றைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

உங்கள் வண்டிக்கு மட்டும் பதில் வேண்டுமென்றால், வேண்டாம். பலம் கூடாது, மைலேஜ் நிச்சயம் கூடாது. ஏன் என்பதைச் சொல்லாமல் விட்டால் நாளைக்கு இன்னொருவர் உங்களை மாற்றிவிடுவார் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

நாம் சைலன்சரைத் தண்ணீர்க் குழாய் போல நினைத்துக்கொள்கிறோம். தொட்டியிலிருந்து இரண்டு குழாய் போட்டால் சீக்கிரம் காலியாகும். எஞ்சினிலிருந்து வருவது அப்படிச் சீராக ஓடுகிற ஓட்டமே கிடையாது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிப்பு. 6000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 6000 சுற்று) ஓடும் ஒற்றை சிலிண்டர், விநாடிக்கு 50 முறை புகையைத் துப்புகிறது. ஒவ்வொரு துப்பலுக்கும் நடுவே நீண்ட இடைவெளி. புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு திறந்த கணத்தில் அழுத்தமான ஓர் அலை, எஞ்சினிலிருந்து வளைந்து வரும் பெண்ட் பைப்புக்குள் பாய்கிறது. அந்தச் சூட்டில் அது விநாடிக்கு ஏறக்குறைய 500 மீட்டர் வேகத்தில் ஓடும். 6000 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு 10 மில்லிவிநாடி ஆகிறது. அதற்குள் அந்த அலை 5 மீட்டர் ஓடிவிடும். உங்கள் வண்டியின் மொத்தக் குழாயும் அதில் பாதி நீளம்கூட இருக்காது. ஆகவே அலை குழாய் அகலமாகிற இடம்வரை போய், முட்டி, திரும்பி எஞ்சினுக்கே வந்துவிடும்.

இந்தத் திரும்பி வருதலில்தான் வித்தை இருக்கிறது. குறுகிய குழாயில் வந்த அழுத்த அலை திடீரென்று அகலமான இடத்தைக் கண்டதும், திரும்பும்போது உறிஞ்சும் அலையாக மாறி வருகிறது. எக்ஸாஸ்ட் வால்வு மூடப்போகிற, புதிய காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு திறந்துவிட்ட அந்தச் சிறு நேரத்தில் இந்த உறிஞ்சல் வந்து சேர்ந்தால், சிலிண்டருக்குள் மிச்சமிருக்கும் புகையை இழுத்துப் போட்டு, புதிய காற்றையும் உள்ளே கூப்பிடும். கொஞ்சம் முந்தியோ பிந்தியோ வந்தால் அந்த உதவி கிடையாது, சில ஆர்பிஎம்மில் உபத்திரவமாகவும் ஆகும். குழாய் எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், எந்த இடத்தில் விரிகிறது, எந்த இடத்தில் இன்னொரு குழாயோடு சேர்கிறது என்பதைத் தொழிற்சாலைக்காரர்கள் மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்வது இதற்காகத்தான். கடைசியில் வெளியே தெரியும் வாய் ஒன்றா இரண்டா என்பது அந்தக் கணக்கில் ரொம்பப் பின்னால் வருகிற விஷயம்.

இங்கே ஒரு பழைய நம்பிக்கையையும் தொட்டாக வேண்டும். "எஞ்சினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேண்டும், இல்லாவிட்டால் இழுவை போய்விடும்" என்று எல்லாப் பட்டறையிலும் சொல்வார்கள். பேக் பிரஷர் என்றால் வெளியேறும் புகையைத் தடுத்து நிற்கும் எதிர் அழுத்தம். நானும் பல ஆண்டுகள் சொல்லியிருக்கிறேன். அது பாதிதான் சரி. கண்ட அனுபவம் உண்மை: பெரிய குழாயைப் போட்டால் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை குறைகிறது. சொன்ன காரணம் தவறு. பேக் பிரஷர் எப்போதுமே நஷ்டம்தான். பிஸ்டன் தன் பலத்தைச் செலவழித்துப் புகையைத் தள்ள வேண்டியிருக்கிறது, அவ்வளவே. எஞ்சினுக்கு வேண்டியது குழாயில் போகும் புகையின் வேகம். குழாய் அகலமானால் வேகம் விழுகிறது, பின்னாலிருப்பதை இழுத்துக்கொண்டு போகும் உந்துதல் போய்விடுகிறது. இழுவை குறைவதற்குக் காரணம் அதுதான்.

இதை உங்கள் வண்டியில் பொருத்திப் பாருங்கள். சிலிண்டரில் புகை வெளியேறும் துளையான ஒரே போர்ட்டிலிருந்து வரும் ஒரே பெண்ட் பைப்பை நடுவில் பிளந்து, அதே அளவில் இரண்டு குழாயாக்கினால், பிளந்த இடத்துக்குப் பிறகு வேகம் பாதியாகிறது. "அப்படியானால் சின்னச் சின்னக் குழாயாக இரண்டு போடலாமே" என்று கேட்கலாம். கணக்குப் போடுங்கள். 25 மில்லிமீட்டர் உள்விட்டம் உள்ள இரண்டு குழாய்களின் மொத்த வாய்ப்பரப்பு, 35 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான ஒரே குழாயின் பரப்புக்குச் சமம். ஆனால் இரண்டு சின்னக் குழாய்களின் சுற்றளவைக் கூட்டினால் 157 மில்லிமீட்டர் வரும். ஒரு பெரிய குழாய்க்கு 111தான். அதாவது அதே அளவு புகைக்கு 40 சதவீதத்துக்கு மேல் அதிகத் தகடு. உராயும் சுவர் கூடுகிறது, சூடு வெளியேறும் பரப்பு கூடுகிறது, வண்டியின் எடையும் கூடுகிறது. இத்தனையையும் கொடுத்து வாங்குவது ஒன்றுமில்லை.

பிறகு 650க்கு மட்டும் ஏன் இரண்டு? அதில் சிலிண்டரே இரண்டு என்பதால். இன்டர்செப்டர் 650 எஞ்சினில் இரண்டு சிலிண்டர், இரண்டு எக்ஸாஸ்ட் போர்ட், பக்கத்துக்கு ஒரு பெண்ட் பைப், ஒரு சைலன்சர். பழைய பிரிட்டிஷ் இரட்டைச் சிலிண்டர் வண்டிகளின் தோற்றத்தைக் கொண்டுவர வேண்டும் என்பதும் அந்த வடிவமைப்பில் பெரிய பங்கு. அது பலத்துக்காக மட்டுமே செய்த ஏற்பாடு என்று நினைத்தால், பக்கத்தில் கவாசாகி நிஞ்ஜா 650ஐ நிறுத்திப் பாருங்கள். ஏறக்குறைய அதே சிசி, அதே இரண்டு சிலிண்டர், ஆனால் இரண்டு குழாயும் எஞ்சினுக்கு அடியிலேயே சேர்ந்து ஒரே சைலன்சராக வெளியே வருகிறது. இன்டர்செப்டர் 47 குதிரைத்திறன். நிஞ்ஜா 60ஐத் தாண்டுகிறது. அந்த வித்தியாசம் சைலன்சரால் வந்தது என்று சொல்ல மாட்டேன், இரண்டு எஞ்சினும் வேறு வேறு குணத்துக்கு டியூன் செய்யப்பட்டவை. ஒற்றை வாயாக இருப்பது பலத்துக்குத் தடையில்லை என்பதற்கு மட்டும் இது போதும்.

இன்னும் பழைய சாட்சி வேண்டுமென்றால் ஹோண்டா சிபி750. 1969இல் வந்த அந்த வண்டியில் நான்கு சிலிண்டர், நான்கு சைலன்சர், பக்கத்துக்கு இரண்டாக விரிந்திருக்கும். பார்த்தால் கண் எடுக்க முடியாது. ஆனால் அதை ரேஸுக்குத் தயார் செய்தவர்கள் முதலில் கழற்றி எறிந்தது அந்த நான்கையும்தான். ஜப்பானியரான பாப்ஸ் யோஷிமுரா 1970களின் தொடக்கத்தில் நான்கு குழாயையும் ஒன்றாகச் சேர்க்கும் அமைப்பைப் பிரபலமாக்கினார். எடையும் குறைந்தது, ஒரு சிலிண்டரின் அலை இன்னொரு சிலிண்டருக்கு உறிஞ்சலாக உதவியதால் பலமும் கூடியது. சில ஆண்டுகளில் ஹோண்டாவே சிபி400எஃப் வண்டியை நான்குக்கு ஒன்று என்ற அமைப்போடு விற்பனைக்குக் கொண்டுவந்தது.

"ஒற்றைச் சிலிண்டரிலும் இரண்டு சைலன்சர் பார்த்திருக்கிறேனே" என்று யாராவது வருவார்கள். உண்மைதான், யெஸ்டி. 1996 வரை மைசூரில் தயாரான ஜாவா, யெஸ்டி 250 வண்டிகளில் ஒரே சிலிண்டர், ஆனால் சிலிண்டரிலேயே இரண்டு எக்ஸாஸ்ட் போர்ட். 2018இல் மீண்டும் வந்த ஜாவாவும் அந்த முகம் மாறக்கூடாது என்று 293 சிசி ஒற்றைச் சிலிண்டரில் இரண்டு குழாய் வைத்தது. பழையது இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். அதில் வால்வு கிடையாது, சிலிண்டர் சுவரில் வெட்டிய ஜன்னல்தான் போர்ட், பிஸ்டனே அதற்குக் கதவு. அந்த ஜன்னலை ஒரே அகலமாக வெட்டினால் பிஸ்டன் ரிங் அதில் மாட்டிக்கொள்ளும். இரண்டாகப் பிரித்து வெட்டினால் அந்தப் பயம் குறையும். எப்படிப் பார்த்தாலும் அங்கே பிரிவு சிலிண்டரிலேயே தொடங்குகிறது. உங்கள் வண்டியில் போல நடுவழியில் குழாயை அறுத்து ஒட்டவில்லை.

யெஸ்டி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. நான் வேலை பழகிய பட்டறைக்கு ஒரு ரோட்கிங் வந்தது, மேட்டில் ஏறவில்லை என்று. கார்புரேட்டர், பாயின்ட், பிளக் எல்லாம் பார்த்தாகிவிட்டது. மேஸ்திரி வண்டியை ஓடவிட்டுப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் இரண்டு சைலன்சர் வாய்க்கும் ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். வலது கை தடதடவென்று அதிர்ந்தது, இடது கையில் சும்மா ஒரு வெதுவெதுப்பு. இடது சைலன்சரைக் கழற்றினால் உள்ளே தார் பூசியது போல் கார்பனும் எண்ணெயும் கெட்டியாக அடைத்திருந்தன. உள்குழாயைக் காஸ்டிக் சோடாத் தண்ணீரில் ஓர் இரவு ஊறப் போட்டு, காலையில் கம்பியை விட்டு நோண்டி மாட்டினோம். வண்டி பழையபடி ஏறியது. ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் சமாளிக்காது, ஏனென்றால் அந்த எஞ்சின் இரண்டு வழியையும் கணக்கில் வைத்துப் படைக்கப்பட்டது. ஒரு வழிக்குப் படைக்கப்பட்ட எஞ்சினில் இரண்டாவதைச் சேர்ப்பதும் அதே மாதிரித் தப்புக் கணக்குதான், திசைதான் எதிர்.

இனி மைத்துனரின் கார். எந்தக் கார் என்று நீங்கள் எழுதவில்லை. நம் ஊரில் ஓடும் பெரும்பாலான கார்களில் வரிசையாக மூன்று அல்லது நான்கு சிலிண்டர். அத்தனையும் ஒரே பக்கம் துப்புகின்றன, மேனிஃபோல்ட் என்ற கிளைக்குழாயில் சேர்ந்து ஒரே குழாயாகத் தரைக்கு அடியில் பின்னால் வருகிறது. இரண்டு வாய் தெரிந்தால், கடைசிச் சைலன்சர் டப்பாவிலிருந்து இரண்டு மூக்கு வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். டோமினார் 400 பைக்கில் ஒரே சைலன்சரில் இரண்டு துளை தெரிகிறதே, அதே கதை. சில கார்களில் பம்பரில் பளபளவென்று இருப்பது வெறும் பிளாஸ்டிக் அலங்காரம், நிஜமான குழாய் அதற்குப் பின்னால் வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். காரின் வேகத்துக்குக் காரணம் தேடுவதாக இருந்தால் பானெட்டைத் திறந்து டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) இருக்கிறதா என்று பாருங்கள். டர்போ எஞ்சினில் அலைகளின் பெரும்பகுதியை டர்பைன் சக்கரமே விழுங்கிவிடும். அதற்குப் பிறகு குழாய் எவ்வளவு தாராளமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது, ஆனால் அதை ஒரே பெரிய குழாயாலும் தரலாம்.

காரில் இரண்டு வழி உண்மையிலேயே பொருள் உள்ளதாக இருப்பது வி6, வி8 எஞ்சின்களில். அங்கே சிலிண்டர்கள் இரண்டு வரிசையாகப் பிரிந்து இரண்டு பக்கமும் துப்புகின்றன. இடது வரிசைக்கு ஒரு குழாய், வலது வரிசைக்கு ஒரு குழாய் என்று பின்வரை கொண்டுபோவது இயல்பு. பெரிய எஞ்சின் என்பதால் புகையின் அளவும் அதிகம், ஒரே குழாயில் எல்லாவற்றையும் அடக்கினால் தரைக்கும் அடித்தட்டுக்கும் நடுவே இடம் போதாது. அப்போதும் இரண்டையும் முழுக்கப் பிரித்து விடுவதில்லை. நடுவில் எக்ஸ் அல்லது ஹெச் எழுத்து வடிவில் ஓர் இணைப்பு வைப்பார்கள். அமெரிக்க வி8களில் வழக்கமான கிராங்க் (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) அமைப்பில் ஒரே வரிசையில் இரண்டு சிலிண்டர் அடுத்தடுத்து வெடிக்கும் முறை வரும். அந்த இரட்டைத் துப்பல் தாளம் தவறிய குமுறலாகக் கேட்கும். இணைப்பு வைத்தால் அந்த நெரிசல் மறுபக்கக் குழாயிலும் பகிரப்படுகிறது. இரட்டை வழியின் மிகச் சிறந்த வடிவமே நடுவில் ஓரிடத்தில் ஒன்றாகிறது என்பது எனக்கு எப்போதும் சுவாரசியமான விஷயம்.

சத்தம் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனால் "650 மாதிரி" என்ற வார்த்தைக்குள் அந்த ஆசை இருப்பது தெரிகிறது. ஆசையில் தவறில்லை, ஆனால் நடக்காது. அந்த 650இன் கிராங்க் 270 டிகிரி அமைப்பு. ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் 270 டிகிரி, பிறகு 450 டிகிரி, மறுபடியும் 270 என்று நொண்டித் தாளம் போடும். உங்கள் வண்டி 720 டிகிரிக்கு ஒருமுறை ஒரே சீராக வெடிக்கிறது. அதன் வாயை இரண்டாக்கினாலும் நான்காக்கினாலும் தாளம் மாறாது. தாளத்தை அமைப்பது கிராங்க். சைலன்சர் அதைக் கூட்டலாம், குறைக்கலாம், கரகரப்பாக்கலாம்.

பட்டறைக்காரர் என்ன செய்யப்போகிறார் என்பதற்கு என் அனுபவத்தில் இரண்டே வழிதான். ஒன்று, இடப்பக்கம் வெறும் டம்மியைத் தொங்கவிடுவார். ஒருமுறை அப்படிப்பட்ட வண்டி ஒன்று, இடப்பக்கம் ஏதோ கடகடக்கிறது என்று என்னிடம் வந்தது. சைலன்சரைக் கழற்றிக் கவிழ்த்தால் காய்ந்த மண் உருண்டைகள் உதிர்ந்தன. குளவிக்கூடு. பல மாதமாக அதன் வழியாக ஒரு மூச்சுப் புகைகூடப் போகவில்லை. வண்டிக்காரருக்கு அது அதுவரை தெரியாது, அதை மாட்டிய பிறகு பிக்கப் கூடியிருப்பதாக நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம். நேர்மையாகச் சொன்னால் இரண்டில் இதுவே தீங்கு குறைந்தது. எடையும் காசும்தான் நஷ்டம்.

இரண்டாவது வழி, பெண்ட் பைப்பை அறுத்து ஒய் வடிவத் துண்டை வெல்டிங் செய்வது. தொல்லை இங்கேதான். பிஎஸ்6 புகை விதிப்படி வந்த வண்டிகளில் குழாயில் ஆக்சிஜன் சென்சார் செருகியிருக்கும். மேலே சொன்ன துப்பல்களுக்கு நடுவே குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கீழே இறங்கும் கணங்கள் உண்டு. வெல்டிங்கில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும், கிளாம்ப் தளர்ந்திருந்தாலும், அந்தக் கணத்தில் வெளிக்காற்று உள்ளே புகும். அது சென்சாரை எட்டினால், பெட்ரோல் போதவில்லை என்று சென்சார் தகவல் சொல்லும். வண்டியின் கம்ப்யூட்டர் அதை நம்பிக் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றும். மைலேஜ் கூடும் என்று சொன்னார் அல்லவா, அது இப்படித்தான் இறங்கும். ஆக்ஸிலரேட்டரை விடும்போது பட்பட்டென்று வெடிக்கும் சத்தமும் பெரும்பாலும் இந்த ஒழுக்கால் வருவதுதான். ஒழுக்கைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம்: வண்டி ஓடும்போது கனமான துணியை வாயில் ஒரு நொடி அழுத்திப் பிடித்தால் இணைப்பில் உஸ் என்று கேட்கும், கரித்தடமும் இருக்கும். புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் இன்னொரு கவலை. அது வேலை செய்ய 250, 300 டிகிரி சூடாவது வேண்டும். புகையில் பாதியை அதற்கு முன்னாலேயே வேறு வழியில் திருப்பினால் அந்தப் பாதி சுத்தமாகாமலே வெளியேறும்.

சட்டத்தைப் பற்றி ஒரு பத்தி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கும் மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. சத்தம், புகை அளவை மீறி ஓட்டினால் 190(2) பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஓட்டுநர் உரிமத்தையும் மூன்று மாதம் இழக்க நேரும். டம்மியைப் பார்த்துப் போலீஸார் நிறுத்துவாரா என்பது அவரவர் மனநிலை. ஒய் துண்டு போட்ட வண்டி விபத்தில் சிக்கினால் காப்பீட்டு நிறுவனம் அதைத்தான் முதலில் படம் எடுக்கும்.

நான் உறுதியாகச் சொல்லக் கூடியது இவ்வளவுதான். உங்கள் வண்டியில் எத்தனை குதிரைத்திறன் குறையும் என்று கேட்டால் எண் சொல்ல மாட்டேன். அதைப் பலத்தை அளக்கும் டைனோ ரோலரில் ஏற்றி, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒரே நாளில் அளந்தால்தான் சொல்ல முடியும். தொடையில் அதிர்வும் காதில் சத்தமும் கூடினால் வேகம் கூடியதாக மனது நம்பிவிடும், எனக்கே அது நடந்திருக்கிறது. அதே போல, கம்பெனி சைலன்சரைவிட நல்லது உலகத்தில் இல்லை என்றும் சொல்லவில்லை. நீளமும் அகலமும் கணக்குப் பார்த்து, எரிபொருள் அளவையும் அதற்கேற்ப மாற்றினால் ரேஸ் தடத்தில் பலன் கிடைக்கும். அங்கும் உங்களுடையது போன்ற எஞ்சினுக்குப் போடுவது ஒற்றைக் குழாய்தான்.

பட்டறைக்காரரிடம் பேச வேண்டுமென்றால் ஒன்று செய்யுங்கள். அவர் ஏற்கெனவே இப்படி மாற்றிக் கொடுத்த வண்டி ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். காலையில் குளிர்ந்திருக்கும்போது கிளப்பி, எங்கள் மேஸ்திரி செய்தது போல இரண்டு வாய்க்கும் ஒரு சாண் தள்ளி இரண்டு கையையும் பிடியுங்கள். ஒரு கை மட்டும் அதிர்ந்தால் மற்றது குளவிக்கு வாடகைக்கு விட்ட வீடு. இரண்டும் அதிர்ந்தால் கீழே குனிந்து ஒய் துண்டு எங்கே ஒட்டியிருக்கிறது, அதைச் சுற்றிக் கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். 18,000 ரூபாய்க்கு இரண்டு நல்ல டயர் வாங்கிக்கொண்டு மிச்சமும் இருக்கும்.